கோழி கருகக் கூடாது, வேகாமலும் இருக்கக் கூடாது: கெட்டில் கிரில்லில் சூட்டை அடக்கும் சூட்சுமம்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறினால், ராத்திரிக் குளிருக்கு முதலில் ஞாபகம் வருவது சுட்ட கோழிதான். காரில் கெட்டில் கிரில்லும் கரி மூட்டையும் இருந்தால் போதும்னு நினைப்போம். கடைசியில் தோல் கருகிடுச்சு, தொடை எலும்புகிட்ட ரத்தம் நிக்குது! தப்பு மசாலாவில் இல்லை, சூட்டில்.

1952-ல் அமெரிக்காவின் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல் மிதவைக்கான உலோக உருண்டையைப் பாதியாக வெட்டி, மூடி போட்டுச் செய்ததுதான் இந்த அடுப்பு. இதன் உயிரே அந்த மூடிதான். நம்ம தம் பிரியாணி மாதிரி, மூடிக்குள் சுற்றும் அனல்தான் கறியை வேக வைக்கும்.

கரியை ஒதுக்குங்க

நன்றாகப் பற்றி, மேலே சாம்பல் பூத்த கங்குகளை இரண்டு ஓரமும் சமமாக ஒதுக்குங்கள். நடுவில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கோழி அந்தத் தட்டுக்கு நேர் மேலே இருக்கணும். கொழுப்பு நெருப்பில் சொட்டாது, சூடும் சட்டென்று ஏறி இறங்காது.

57 செ.மீ. கிரில்லுக்கு, பக்கத்துக்கு 25 கரிக்கட்டி (பிரிக்கெட்) வைத்தால் சுமார் 175 டிகிரி செல்சியஸ் கிடைக்கும். சீமைக்கருவேலங்கரி ஒரே அளவில் இருக்காது. பெரிய துண்டும் சின்னத் துண்டும் இரண்டு பக்கமும் கலந்து போடுங்க.

காற்றுதான் கடிவாளம்

விறகடுப்பில் சூட்டைக் குறைக்க விறகை வெளியே இழுப்போம். இங்கே காற்றைக் குறைக்கணும். கீழ்த் துவாரம் நெருப்புக்குக் காற்று தரும். மேல் துவாரம் புகையை வெளியே இழுக்கும். மேலே இருப்பதைத் திறந்தே வைத்து, கீழே இருப்பதால் சூட்டை ஏற்றி இறக்குங்கள். மேலே அடைத்தால் புகை தேங்கி, கறி கசக்கும்.

170 டிகிரி வேண்டுமென்றால், 150-லேயே கீழ்த் துவாரத்தைப் பாதியாக்குங்கள். ஏறிய சூடு லேசில் இறங்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து நிமிடமாவது பொறுங்க. மூடியில் உள்ள மீட்டர் மேல்சூட்டைத்தான் காட்டும். கறி இருக்கும் கம்பி வலைமேல் அவன் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்தால் சரியான கணக்கு தெரியும்.

மலைக்காற்று கவனம்

மலையில் காற்று அடித்தால் கங்கு கனன்று சூடு எகிறும். குளிரில் மூடி வழியே சூடு வீணாகும். கீழ்த் துவாரம் காற்றைப் பார்க்காதபடி அடுப்பைத் திருப்பி வையுங்கள். 'வெந்துச்சா?'ன்னு அடிக்கடி திறக்காதீங்க. திறக்கும்போதெல்லாம் அனல் போய்விடும், உள்ளே போகும் காற்றில் கங்கும் சீறும்.

ஒன்றரை கிலோ பிராய்லர் கோழி முழுசாக வேக ஒன்று முதல் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். நாட்டுக்கோழிக்கு 150 டிகிரியும் கூடுதல் பொறுமையும் வேணும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கரி சேருங்க. எலும்பில் படாமல் தொடையின் நடுவே 74 டிகிரி காட்டினால் பயமில்லாமல் சாப்பிடலாம்.

இதை மறக்காதீங்க

குளிருதேன்னு கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டு போகவே கூடாது. கங்கு அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவதும் குற்றம். தங்குமிடத்தில் அனுமதி கேட்டு, திறந்தவெளியில், சருகு இல்லாத தரையில் மூட்டுங்கள்.

சமையல் முடிந்ததும் இரண்டு துவாரத்தையும் அடைத்துவிடுங்கள். காற்றில்லாமல் நெருப்பு அணையும். மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். சாம்பலை மட்டும் முழுசா ஆறாமல் கொட்டாதீங்க, அது காட்டையே எரிச்சுடும்!