தென்கிழக்காசியாவும் சந்தையிற் கூடிய மக்களும்

தென்கிழக்காசியா என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவன அங்கோர்வாட் கோயிலும், பாலித் தீவும், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடாத்திய கடாரப் படையெடுப்புமேயாம். இப்பெருமையைப் பேசாத இந்து மலர் அரிது. பேசுதல் தவறன்று. ஆயின் அப்பழம் பெருமைக்கும் நமது காலத்துக்கும் இடையே வேறொரு கதையும் உண்டு. அதில் நம்மவர் வட்டிக்குக் கொடுத்தோராகவும், கூலிகளாகவும், எழுதுவினைஞராகவும் வருகின்றனர்.

ஐராவதி, மேனாம், மேக்கொங் ஆகிய நதிகளின் வடிநிலங்களில் நெல் விளைப்போர் செறிந்திருக்க, மலைகளிலே சான், கச்சின், சின் முதலிய மக்கள் தத்தம் மொழியோடும் வழக்கத்தோடும் வாழ்ந்தனர். சமயமும் பலவாகும். பர்மாவிலும் சயாமிலும் பௌத்தம், மலாயாவிலும் யாவாவிலும் இசுலாம், பிலிப்பைன் தீவுகளிற் கத்தோலிக்கம். இந்நிலத்தைப் பிரித்தானியர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஸ்பானியர், 1898க்குப் பின் அமெரிக்கர் எனப் பலரும் பங்கிட்டனர். சயாம் ஒன்றே தப்பியது.

பர்மாவிற் பணியாற்றிய பேர்ணிவல் என்னும் ஆங்கிலேயர், 1948இல் வெளியிட்ட நூலில், இவ்வாட்சியின் கீழ் உருவான சமூகத்தைப் பன்மைச் சமூகம் என்றார். பல இனத்தார் ஓரரசின் கீழ் அருகருகே வாழ்ந்தும், வாங்கவும் விற்கவும் மட்டுமே சந்தித்தனர் என்பது அவர் கருத்து.

மலாயாவை நோக்குக. 1876இல் பிரேசிலிலிருந்து சென்ற இறப்பர் வித்துக்கள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகளிற் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து கெனரத்கொடையில் நடப்பட்டது. மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மோட்டார் வாகனம் பெருக இறப்பரும் பெருகிற்று. பால்வெட்டக் கங்காணிமார் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொணர்ந்தனர். வெள்ளீயச் சுரங்கங்களிற் சீனர் உழைத்தனர். மலாயர் வயலிலும் கடலிலும் நின்றனர். கந்தோர்களுக்கும் புகையிரதப் பகுதிக்கும் யாழ்ப்பாணத்தவர் சென்றனர். என்போன்றோர் கற்ற மிஷன் பாடசாலைகளின் ஆங்கிலமே அவர்களுக்குக் கப்பற்சீட்டாயிற்று. மலாயாப் பென்சனியர் இல்லாத ஊர் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏது? 1947ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில், சிங்கப்பூரையும் சேர்த்துக் கணக்கிடின், சீனர் தொகை மலாயர் தொகையினும் சற்று மிகுந்திருந்தது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தமைக்கும், 1969 மே மாதத்துக் கலவரத்துக்கும் இவ்வினத்தொகையையும் தொழிற்பிரிவினையையும் அறியாது காரணம் காணவியலாது.

பர்மாவின் கதை இதனினும் கொடியது. 1852இல் கீழ்ப் பர்மாவைப் பிரித்தானியர் கைப்பற்றினர். 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பிய சந்தை அண்மையதாயிற்று. சதுப்புக் காடுகளை வெட்டி வயலாக்கப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகளோ பர்மிய உழவனுக்குக் கொடா. செட்டிநாட்டார் கொடுத்தனர். அவர்கள் விரும்பியது வட்டியையே, நிலத்தை அன்று. ஆயின் 1930 அளவில் நெல்விலை வீழ்ந்தது. கடன் தீர்க்க வழியற்ற உழவர் நிலத்தை இழந்தனர். முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டிமாரிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்காயிற்று. விலையை வீழ்த்தியது உலகச் சந்தை. உழவன் கண்ட முகமோ செட்டியாரின் முகம். இரங்கூன் நகரிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்தில் 1930இல் மூண்ட கலகத்தில் அடிபட்டு இறந்தோர் பெரும்பாலும் தெலுங்குக் கூலிகள். வட்டிக்கடையின் பலனை அவர்கள் கண்ணாலும் கண்டிலர்.

1942இல் யப்பானியர் படை வந்தபோது இலட்சக்கணக்கானோர் கால்நடையாக இந்தியாவை நோக்கிச் சென்றனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியிருந்த வணிகரின் கடைகளை 1964இல் நே வின் அரசு நாட்டுடைமையாக்கிற்று. அதனால் வெளியேறிய தமிழருட் சிலர், தாயகமாக எண்ணிய பர்மாவுக்கே மீள முயன்று, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே என்னும் ஊரிற் தங்கிவிட்டனர். அங்கே அவர்கள் எழுப்பிய அங்காளபரமேசுவரி கோயிலுக்கு அப்பால், சிறிது தூரத்திற் பர்மா தொடங்குகின்றது.