கட்டாயமும் கடமையும்

ஊரின் சுகாதாரத்தைக் காப்பது யார் பொறுப்பு என்று கேட்டால், சர்க்காரின் பொறுப்பு என்று விடை சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். சர்க்கார் சட்டம் இயற்றும். அச்சட்டத்தைத் தெருவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் தாயின் மடியிலிருக்கும் குழந்தைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது உள்ளூர்ச் சபையின் வேலை. சங்கடம் தொடங்குவதும் அங்கேதான். சட்டம் ஒன்று சொல்லி, ஊரார் வேறொன்று சொன்னால், இடையே நிற்கும் சபை என்ன செய்யலாம்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இங்கிலாந்து தேசத்து லெஸ்டர் நகரத்தின் வரலாறு என் நினைவுக்கு வரும்.

லெஸ்டர் ஒரு தொழில் நகரம். காலுறைகளும் பூட்ஸுகளும் செய்து வாழ்ந்த உழைப்பாளி மக்கள் நிறைந்த ஊர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், மற்ற ஊர்களைப் போலவே அதையும் பெரியம்மை அடிக்கடி வந்து வாட்டியது. ஜென்னர் என்ற வைத்தியர் 1796-ஆம் ஆண்டிலேயே அம்மை குத்தும் முறையைக் கண்டு சொல்லிவிட்டார். குழந்தைகள் அனைவருக்கும் அம்மை குத்தியாக வேண்டும் என்று 1853-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1867-இல் சட்டம் மேலும் இறுகியது. ஒரு முறை அபராதம் கட்டிவிட்டால் தகப்பனுக்கு விடுதலை இல்லை. குழந்தைக்கு அம்மை குத்தும்வரையில் மீண்டும் மீண்டும் வழக்குப் போடலாம் என்று ஆயிற்று.

அந்த மக்கள் ஏன் மறுத்தார்கள்? அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து பாலெடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவது வழக்கம். அதனால் சில சமயம் வேறு நோய்களும் கூடவே தொற்றின. மேலும், 1871-72-இல் பெரியம்மை இங்கிலாந்து முழுவதும் பரவியபோது, பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மை குத்தியிருந்த லெஸ்டரிலும் பலர் மாண்டார்கள். ஒரு முறை குத்திய அம்மையின் காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும் என்ற உண்மை பொதுமக்களுக்குச் சரிவர விளக்கப்படவில்லை. குத்தியும் பயனில்லையே என்றே அவர்கள் எண்ணினார்கள். நம் கிராமங்களில் அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் குழந்தைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்த தாய்மாரை நினைத்துக்கொண்டால், லெஸ்டர்த் தாய்மாரின் மனமும் நமக்கு விளங்கும்.

சபையார் முதலில் சட்டத்தின் கையையே நீட்டினார்கள். அந்நாளில் அம்மை குத்தும் பொறுப்பு, ஏழைகளைப் பராமரிப்பதற்கென்று ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழுவிடம் இருந்தது. அக்குழு வழக்குத் தொடுத்தது. 1869-இல் லெஸ்டரில் இரண்டே வழக்குகள். 1881-இல் 1,154 வழக்குகள். அபராதம் கட்ட இயலாதவர்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தன. சிலர் சிறைக்கும் சென்றார்கள். இத்தனைக்கும் பிறகு அம்மை குத்திக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியதா என்றால், இறங்கிக்கொண்டே போயிற்று. 1885-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பல்லாயிரம் பேர் கூடி, ஜென்னரின் உருவ பொம்மையையும் ஒரு குழந்தையின் சவப்பெட்டியையும் சுமந்து ஊர்வலம் வந்தார்கள். அதன்பின் நடந்த தேர்தலில் கட்டாயத்தை எதிர்த்தவர்களே குழுவில் பெரும்பான்மையாயினர். வழக்குகள் நின்றன.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் இதைச் சொல்ல நான் முன்வந்திருக்க மாட்டேன். பிடிவாதக்கார ஊர் ஒன்று சட்டத்தை வென்றது என்பதில் நமக்குக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. கற்க வேண்டியது அந்நகரசபையின் சுகாதாரக் குழு செய்த காரியத்தில் இருக்கிறது. கட்டாயத்தைக் கைவிட்ட ஊரில் குழந்தைகளை யார் காப்பது என்ற கேள்வியை அக்குழு முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தது.

தொற்றுநோய் கண்ட வீட்டாரும், பார்த்த வைத்தியரும் உடனே சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1879-இல் லெஸ்டர் தனக்கென ஒரு சட்டம் பெற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் அப்போது அத்தகைய விதி கிடையாது. தகவல் வந்தவுடன் வண்டி புறப்படும். நோயாளியை ஊருக்கு வெளியிலுள்ள தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார்கள். வீட்டைக் கழுவி மருந்திட்டுச் சுத்தம் செய்வார்கள். துணிமணிகளைக் கொதிக்கவைப்பார்கள் அல்லது எரித்துவிடுவார்கள். நோயாளியோடு பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சுமார் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்ப்பார்கள். நோய் தொற்றியபின் வெளியே தெரிவதற்குச் சுமார் பன்னிரண்டு நாள் ஆகுமாதலால் இந்தக் கணக்கு.

இரண்டு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் கூலிக்காரனின் அடுப்பு எரியுமா? இதையும் அந்தக் குழு யோசித்தது. தனியே வைக்கப்பட்டவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்ததோடு, இழந்த கூலிக்கு ஈட்டுத் தொகையும் கொடுத்தார்கள். இம்முறையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இந்த அம்சந்தான். நோயை மறைப்பவன் பெரும்பாலும் பயத்தினாலும் பசியினாலும் மறைக்கிறான். அவ்விரண்டையும் குறைத்தால் அவனே வாயைத் திறப்பான். அபராதத்துக்கு ஆளைத் தேடிச் சென்ற அதே நகரத்தில், ஈட்டுத் தொகையோடு ஆளைத் தேடிச் சென்றபோது கதவுகள் திறந்தன.

சோதனைக் காலம் 1892-93-இல் வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரத்தில் குழந்தைகளில் மிகப் பலர் அம்மை குத்திக்கொள்ளாதவர்கள். பெரும் சாவு நேரும் என்று வைத்திய உலகம் எதிர்பார்த்தது. நோய் கண்டவர்கள் 357 பேர். மாண்டவர்கள் 21 பேர். அந்த 21 உயிர்களும் அருமையானவை. ஆயினும், எதிர்பார்த்த அழிவு நேரவில்லை.

இதைக் கேட்டு, அம்மை குத்துவதே தேவையில்லை போலும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அப்படி முடிவு கட்டிய ஊரின் கதியையும் வரலாறு எழுதிவைத்திருக்கிறது. க்ளாஸ்டர் என்பது லெஸ்டரைவிட மிகச் சிறிய நகரம். அங்கும் சபையார் வழக்குகளை நிறுத்தினார்கள்; பிறகு வேறெதுவும் செய்யாமல் இருந்துவிட்டார்கள். போதிய ஆஸ்பத்திரி இல்லை. நோயைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடும் செம்மையாக இல்லை. 1895-96-இல் அங்கே பெரியம்மை புகுந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு நோய் கண்டது. 434 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். இறுதியில் அதே ஊரார் அம்மை குத்திக்கொள்ள ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள்.

இரு நகரங்களும் ஒரே சட்டத்தை மறுத்தவை. ஒன்று மறுத்ததோடு நின்றது. மற்றொன்று மறுத்ததற்கு ஈடாகப் பெரும் சுமையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. லெஸ்டரின் வெற்றியிலும் அம்மைப் பாலுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பத்திரித் தாதியரிலும் ஊழியரிலும் பெரும்பாலோர் அம்மை குத்திக்கொண்டோ முன்பே நோய் கண்டு தேறியோ காப்புப் பெற்றிருந்தார்கள். நோயாளியோடு பழகியவர்களுக்கும், இசைந்தால், குத்தினார்கள். கட்டாயம் போயிற்றே தவிர மருந்து போகவில்லை. 1889-இல் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷனும் ஏழு ஆண்டு விசாரித்து ஏறக்குறைய இத்தகைய முடிவுக்கே வந்தது. அம்மை குத்துதல் உயிர் காக்கும் என்று உறுதி கூறிய அக்கமிஷன், ஒரே குற்றத்துக்குத் திரும்பத் திரும்பத் தண்டிப்பதை நிறுத்தச் சொல்லிற்று. மனச்சாட்சிக்கு விரோதம் என்று கருதும் பெற்றோருக்கு 1898-இன் சட்டம் விலக்கு அளித்தது.

லெஸ்டரில் பிறந்த முறை பிற்காலத்தில் உலகத்துக்கே வழிகாட்டியது. பெரியம்மை மனிதனிடமிருந்து மனிதனுக்கே தொற்றும், விலங்குகளிடத்தில் தங்குவதில்லை. அதன் கொப்புளங்களைப் பாமரனும் கண்டு சொல்லலாம். ஆகவே, ஒவ்வொரு நோயாளியையும் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் அம்மை குத்திவிட்டால், நோய்க்குப் போக்கிடம் இல்லை. 1966-இன் இறுதியில், மருந்து குறைவாக இருந்த கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபோகி என்ற வைத்தியர் இவ்வழியைக் கையாண்டு பயன் கண்டார். நம் சென்னையில் தொற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், பெரியம்மையை நுணுகி ஆராய்ந்து உலகறிந்த நூல் எழுதினார். 1974-இல் பீகாரில் நோய் கொடூரமாகப் பரவியபோது, ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். தகவல் சொன்னவர்களுக்குச் சன்மானம் அளித்தார்கள். நோயாளி இருந்த வீட்டு வாசலில் காவல் வைத்தார்கள். சிற்சில இடங்களில் பலவந்தமாகக் குத்தியதும் உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்திய மண்ணில் பெரியம்மை ஒழிந்தது. உலகமே விடுதலை பெற்றது என்று 1980-இல் பிரகடனம் செய்தார்கள். என் தலைமுறையினரின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. எங்கள் பேரக் குழந்தைகளுக்கு அது எதன் அடையாளம் என்றே தெரியாது.

உள்ளூர்ச் சபைகளில் அமர்கிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். மக்களின் அச்சத்தைத் தண்டனையால் போக்க முடியாது என்பதற்கு லெஸ்டரின் வழக்கு மன்றம் சாட்சி. அந்த அச்சத்துக்கு இணங்கிவிட்டுச் சும்மா இருப்பதும் ஆகாது என்பதற்குக் க்ளாஸ்டரின் இடுகாடு சாட்சி. மக்களிடம் ஒன்றை வற்புறுத்த வேண்டாம் என்று தீர்மானிக்கும் சபைக்கு வேலை குறைவதில்லை, இரு மடங்காகிறது. அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்வதற்கு ஆளும் பணமும் தன்னிடம் உண்டா என்று எண்ணிப் பார்த்த பிறகே, சபை தன் தீர்மானத்தில் கையெழுத்திட வேண்டும்.