இதயச் செயலிழப்பும் உடல் நிறையும்

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள இதயத்தால் முடியாமல் போவதே இந்நோய். எக்கோ பரிசோதனையில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தம் 40 வீதமோ அதற்குக் குறைவோ என வந்தவருக்கு, மருந்தால் அது 10 புள்ளிகளாவது கூடி 40ஐத் தாண்டினால், இதயம் தேறுகிறது என்கிறார்கள் வைத்தியர்கள்.

நிறையின் கதை கொஞ்சம் சிக்கலானது. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் பெரும்பாலும் அது உடலில் தேங்கிய நீர். உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிட முன் நிறுத்துப் பாருங்கள். கருவாடு, ஊறுகாய் சாப்பிடும் வீடுகளில் உப்பையும் கவனிக்க வேண்டும். முயற்சி எதுவுமின்றி ஆள் மெலிந்துகொண்டே போவதும் நல்லதல்ல, தசை கரைகிறது. ஒல்லியானவர்களைவிடச் சற்றுப் பருத்த நோயாளிகள் கூடக் காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அதற்காகச் சாப்பிட்டுப் பருக்கலாம் என்றில்லை. இந்நோய் வருவதற்கே பருமனும் ஒரு காரணம்.

கிளினிக் தூரம், பஸ் இல்லை, இப்ப சுகம்தானே என்று குளிசையை நிறுத்துவதுதான் பேராபத்து. 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், இதயம் விரிந்து பலவீனமாகிப் பின் தேறியவர்களில் 25 பேரின் மருந்தை வைத்தியக் கண்காணிப்பிலேயே படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பியது.