தலைமுறைப் பேணல்

நடுவயதினர் தமக்குப் பின்வரும் தலைமுறையை வழிநடத்தவும் அதற்கென எதையேனும் விட்டுச்செல்லவும் கொள்ளும் கரிசனம். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில் இதை மனித வளர்ச்சியின் எட்டுக் கட்டங்களில் ஏழாவதாக வைத்தார். பெற்ற பிள்ளைகளோடு அது முடிவதில்லை. கற்பித்தலும் பொதுப்பணியும் அதில் அடங்கும்.

மலாக்காத் தமிழரிடம் இக்கரிசனம் ரப்பர் தோட்டத்தில் வேர்விட்டது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1890களில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் தோன்றியது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் பிள்ளைகள் கையிலும் உளி ஏறக்கூடாது என்று விரும்பினார்கள். அவர்களிடம் இருந்த ஒரே நெம்புகோல் தோட்டப் பள்ளி.

இவ்விருப்பத்தின் மிக அழகான வெளிப்பாடு, 1950களில் தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காக மலாயா, சிங்கப்பூர்த் தொழிலாளர்கள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். அவர்களில் பலர் அந்நூலக வாசலைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் மாதச் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. 1982 முதல் ஸ்ரீ முருகன் நிலையம் தமிழ் மாணவருக்கு வழிகாட்டி வகுப்புகள் நடத்திவருகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னும் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா தமிழ்ப்பள்ளிகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தாங்கிநிற்கின்றன.