காணாத நட்பும் சின்னஞ்சிறு செய்திகளும்

'நலம், நலம் அறிய அவா' என்று தொடங்குவது தமிழர் கடித மரபு. அழகிய மரபே. ஆயினும் இத்தொடர் எல்லார் கடிதத்திலும் ஒன்றே. ஒருவர் கடிதத்தை மற்றொருவர் கடிதத்தினின்று பிரித்துக் காட்டுவன, அதன் பின்னே வரும் சின்னஞ்சிறு செய்திகள்தாம். கன்றுக்குட்டிக்கு இட்ட பெயர், புதிதாகக் கற்ற பாட்டு, சேர்த்து வைத்துள்ள அஞ்சல்தலைகளின் எண்ணிக்கை, வயது ஏறியும் தலை நரைக்காத பெருமை ஆகிய இவற்றை எழுதத் துணியும்போதுதான் கடிதம் நட்பாக மாறுகிறது.

முகம் காணாத ஒருவரோடு நம் விருப்பங்களையும் விந்தைப் பழக்கங்களையும் பகிர்ந்துகொள்வது இக்காலத்துப் புதுமை என எண்ணுவார் உளர். தமிழ் இலக்கியம் அங்ஙனம் கூறவில்லை. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதும், மலைநாட்டில் குடியேறிய நம் போன்றோர்க்கு அது ஏன் வேண்டற்பாலது என்பதைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறையூரும் பிசிரும்

உறையூரிலிருந்து ஆண்டவன் கோப்பெருஞ்சோழன். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்தவர் ஆந்தையார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் அவர்தம் நட்புப் புறநானூற்றில் பல பாடல்களில் ஒளிர்கிறது. உணர்ச்சி ஒத்திருப்பின் பழகுதல் வேண்டா என்னும் கருத்தை வள்ளுவர் நட்பு அதிகாரத்தில் கூறுமிடத்து, உரையாசிரியர் பரிமேலழகர் எடுத்துக்காட்டுவதும் இவ்விருவரையே. பாவேந்தர் பாரதிதாசன் இவ்வரலாற்றைப் 'பிசிராந்தையார்' என்னும் நாடகமாக்கினார். அந்நூலுக்கு 1969இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

இவ்வளவும் பலரும் அறிந்ததே. நாம் ஊன்றிக் காணவேண்டியது வேறொன்று. இவர்கள் ஒருவரைப்பற்றி ஒருவர் அறிந்திருந்தவை எவை? போர் வெற்றிகளா? கருவூலச் செல்வமா? அல்ல. சோழன் தன் நண்பரின் நாட்டைச் சுட்டும்போது, அங்குள்ள எளிய மக்கள் உண்ணும் உணவையே கூறுகிறான். வரகுச் சோற்றையும், வேளைப் பூவை வெண்தயிரில் இட்டு ஆய்மகள் சமைத்த புளிக்கூழையும், அவரை கொய்வோர் அவற்றை வயிறார உண்பதையும் சொல்லி, அத்தகைய நாட்டில் உள்ளவரே தன் உயிரைக் காக்கும் நண்பர் என்கிறான். முடியுடை வேந்தன் ஒருவன் நண்பரின் ஊர்ச் சமையலை நினைவில் வைத்திருந்தான்! ஆந்தையாரோ, தம் பெயரைக் கூறும்போது சோழன் பெயரையே தம் பெயராகக் கூறும் இயல்பினர். இதனையும் சோழன் அறிந்திருந்தான்.

மக்களோடு ஏற்பட்ட மனவேறுபாட்டால் சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் தவறாது வருவார் எனக் கூறி அவருக்கும் இடம் ஒதுக்கச் செய்தான். அவ்வண்ணமே ஆந்தையார் வந்தார். நெடுங்காலமாகத் தம்மைப்பற்றிக் கேள்வியுற்றும், தமக்கு நரை தோன்றாமை ஏன் எனச் சான்றோர் வினவினர். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத அரசன், தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் என ஐந்து காரணங்களை அவர் அடுக்கினார். தலைமயிரைப் பற்றிய ஒரு சிறு வினாவிலிருந்து ஒரு குடும்பத்தின், ஓர் ஊரின், ஒரு நாட்டின் வாழ்க்கையே நமக்குக் கிடைத்துவிட்டது. சிறு செய்தியின் பெருமை இதுவே.

மலையேறிய கடிதங்கள்

வேந்தனுக்கும் புலவருக்கும் இயன்ற இந்நட்பு எளிய மக்களுக்கும் இயல்வதற்கு மலிவான அஞ்சல் வேண்டியிருந்தது. 1854 அக்டோபரில், தொலைவு எத்துணையாயினும் குறைந்த எடையுள்ள கடிதத்திற்கு அரை அணாவே கட்டணம் என்னும் முறை இந்தியாவில் வந்தது. 1879 சூலை முதல் நாள் கால் அணா அஞ்சலட்டை பிறந்தது. அடுத்த ஆண்டே அஞ்சலகங்கள் பணவிடைப் பணியை ஏற்றன. பணவிடைத் தாளின் அடியில் சில சொற்கள் எழுதுவதற்கு இடம் இருந்தது. பணத்தோடு மனத்தையும் அனுப்ப ஏழைத் தொழிலாளர்க்குக் கிடைத்த சிறு பலகணி அது.

இதே காலத்தில்தான் நம்மவர் மூணாற்று மலைகளில் ஏறத் தொடங்கினர். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பின்னர்க் காடு தேயிலைத் தோட்டமாயிற்று. கங்காணிமார் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்துக் கொணர்ந்தனர். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவட ஊர்தியில் தேயிலை இறங்கிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு தொடர்வண்டியை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. சித்திரைத் திருநாள் மகாராசா ஆட்சியில், 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுவே. அதனை அடுத்துள்ள ஊர்தான் நம் சித்திரபுரம்.

இக்குடும்பங்களின் வரலாற்றை எழுதிவைத்தார் யார்? தோட்டக் கணக்கேடுகளில் பெயரும் கூலியும் உண்டு, மனம் இல்லை. அது கடிதங்களில் இருந்தது. எழுத்தறியாதவர் அறிந்தவரிடம் சொல்லி எழுதுவித்தனர். வந்த கடிதத்தை அண்டை வீட்டாரைக்கொண்டு படிப்பித்துக் கேட்டனர். 1950இல் உள்நாட்டு அஞ்சல்தாள் வந்தபின், மடித்து ஒட்டும் ஓரம் வரையில் எழுத்தை நெருக்கி எழுதும் கலை வளர்ந்தது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. எல்லைக்கோடு நம் முகவரியை மாற்றிற்று, உறவை மாற்றவில்லை. 1972 ஆகத்து 15இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணை வகுத்தவர் சிறீராம் பிக்காஜி வேலங்கர் என்னும் அஞ்சல்துறை அதிகாரி. அவர் வடமொழிக் கவிஞருமாவார். அம்முறையில் தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் முதல் எண் ஆறே. நடுவணரசு அலுவலகத்தில் நாள்தோறும் உறைகளைக் கையாளும் நம் போன்றோர்க்கு இது ஒரு தனி மகிழ்ச்சி.

பேனா நண்பர்களும் வானொலி நேயர்களும்

உற்றார் உறவினர்க்கு எழுதியதோடு தமிழர் நின்றுவிடவில்லை. எழுத்தாளர் இருவரை முதலிற் காண்போம். இடைசெவல் என்னும் ஒரே சிற்றூரிற் பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி ஊரைவிட்டுச் சென்னைக்கும் மலேயாவிற்கும் சென்றபின், இருவர்க்கும் பொதுவான இசைப் பித்தும் இலக்கியச் சுவையும் கடிதங்களிலேயே வாழ்ந்தன. அழகிரிசாமியின் கடிதங்களைப் பிற்காலத்தில் நூலாகத் தந்தவர் கி.ரா. அவற்றைப் போற்றி வைத்திருந்தமையாலன்றோ நமக்குக் கிடைத்தன!

இனி, அறிமுகமே இல்லாதார் நட்பு. 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் தமிழ் இதழ்கள் சில, 'பேனா நண்பர்கள்' என்னும் பகுதியை வெளியிட்டு வந்தன. பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு என நான்கே செய்திகள். அஞ்சல்தலை சேகரித்தல், நாணயம் சேகரித்தல், வானொலி கேட்டல் என்பன அப்பொழுதுபோக்குகள். 'பேனா நட்பு' என்பதையே பொழுதுபோக்காகக் குறித்தவரும் உண்டு. இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதி, பாடலோடு தம் பெயரும் ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்தோர் எண்ணற்றோர். ஒரே பாடலை விரும்பிய இருவர் அதனாலேயே நண்பராயினர். 1963இல் பீகிங் நகரிலிருந்து தமிழ் ஒலிபரப்புத் தொடங்கிற்று. நாளடைவில் அதற்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நேயர் மன்றங்கள் தோன்றின. தமிழ்ப் பெயர் பூண்ட சீன அறிவிப்பாளர்க்குத் தம் ஊர்த் திருவிழாவைப் பற்றியும் தோட்டத்துக் காய்களைப் பற்றியும் எழுதினர் நம் மக்கள்.

நாமும் அத்தலைமுறையினரே. மலைமேல் இருந்த எங்களுக்கு எழுதுவதற்குப் பொருள் மிகுதி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 1994இல் பூத்தபோது, சமவெளி நண்பர்க்கு அதுவே நெடுங்கடிதமாயிற்று. 'மின்சாரம் பிறக்கும் ஊரில் மின்விசிறி இல்லாத வீடுகளா?' என இராமநாதபுரத்து நண்பர் ஒருவர் வியந்து எழுதினார். குளிரில் விசிறி எதற்கு என்பது அதுவரை எங்களுக்கு ஒரு செய்தியாகவே தோன்றியதில்லை. நாள்தோறும் காண்பதைப் புதிதாகக் காண, காணாத நண்பர் ஒருவர் வேண்டியிருக்கிறார். 2006இல் குறிஞ்சி மீண்டும் பூத்த ஆண்டில் அஞ்சல்துறையே அதற்கோர் அஞ்சல்தலை வெளியிட்டது. அஞ்சல்தலை சேர்ப்பவர்க்கும் மலை வாழ்நர்க்கும் அது ஒருங்கே கிடைத்த பரிசாகும்.

காக்க வேண்டுவன

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசி வழியே உலகெங்கும் நண்பர்களைப் பெறுகின்றனர். தம் பொழுதுபோக்கையும் வேடிக்கைப் பழக்கங்களையும் நொடிப்பொழுதில் பகிர்கின்றனர். இதனைப் பழிப்பது முறையன்று. ஆந்தையார் அன்னச்சேவலைத் தூதுவிட்டது போன்ற வேட்கையே இதுவும். ஆயின் அளவறிதல் வேண்டும். ஆந்தையார் தம் நரையின்மையையும் ஊரின் நன்மையையும் கூறினாரேயன்றி, வீட்டுப் பேழையின் திறவுகோல் இருக்குமிடத்தைக் கூறவில்லை. முகம் அறியாதாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்தப் பெற்றோர்க்கு இவ்வரலாறு உதவும்.

மற்றொரு கவலையும் உண்டு. பழைய வீடுகளில் வந்த கடிதங்களைக் கம்பியிற் குத்தி மாட்டி வைத்திருப்பர். தோட்டத் தொழிலாளர்க்கு லயத்து வீடு வேலையோடு வந்தது; ஓய்வு பெற்றால் விட்டுச் செல்ல வேண்டுவது. வீடு மாறும்போது பாத்திரமும் பெட்டியும் உடன் வரும்; கம்பியிற் குத்திய கடிதங்கள் பெரும்பாலும் அடுப்பிற்குச் செல்லும். 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேரை இழந்தோம். அவ்வுயிர்களுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆயினும், ஒரு லயம் மண்ணுள் மறையும்போது அங்கு வாழ்ந்தோர் எதை விரும்பினர், எதற்குச் சிரித்தனர் என்னும் நினைவுகளும் உடன் மறைகின்றன என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

ஆதலின் சங்கத்தைச் சார்ந்த குடும்பத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. வீட்டில் எஞ்சியுள்ள பழங்கடிதங்களை ஒரு பெட்டியில் இடுங்கள். எழுதியவர் யார், எவ்வூரார், பெற்றவர்க்கு என்ன உறவு என்பதை ஒரு தாளில் குறித்து உடன் வையுங்கள். முதியோர் இருப்பின் அவற்றைப் படிக்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். தமிழ் எழுத்தை மறந்துவரும் பிள்ளைக்கு, தன் பாட்டியின் ஆடு மூன்று குட்டி ஈன்ற செய்தியே இனிய பாடமாகும். 2030இல் குறிஞ்சி மீண்டும் பூக்கும் எனக் கணக்கிட்டிருக்கிறோம். அப்போது, 2018இலும் 2006இலும் 1994இலும் இம்மலையில் இருந்தோர் அப்பூவைக் கண்டு தம் நண்பர்க்கு என்ன எழுதினர் என்பதைக் காட்ட நம் கையில் சில தாள்களேனும் இருத்தல் வேண்டும்.