ஒரு நிமிடமும் 24 மணித்தியாலமும்



நோன்பு நெருங்கினால் எங்கள் பக்கத்தில் கேட்கும் கேள்வி: "காலையில் போடும் பிரஷர் குளிசையை ஸஹருக்குப் போடுவதா, நோன்பு திறந்த பிறகா?" சிலர் யாரிடமும் கேட்காமல் ஒரு மாதம் நிறுத்தியே விடுகிறார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்க்கும் கருவியை 1896ல் இத்தாலிய டொக்டர் ரீவா-ரொச்சி செய்தார். 1905ல் ரஷ்யாவின் கொரொட்கொவ், ஸ்டெதஸ்கோப் வைத்து மேல் அளவையும் கீழ் அளவையும் எடுக்க வழி காட்டினார். பண்டாரவளையில் எங்கள் கிளினிக் கொப்பியில் எழுதப்படுவதும் அந்த இரண்டு அளவுகள்தான். ஆனால் அது ஒரு நிமிடத்தின் கணக்கு. மேடு ஏறினால் பிரஷர் கூடும், தூங்கினால் இறங்கும், விடியற்காலையில் மறுபடி ஏறும்.

1962ல் அமெரிக்காவில் ஹின்மன் குழுவினர், உடம்பில் கட்டிக்கொண்டு நடமாடக்கூடிய கருவியை அறிமுகப்படுத்தினார்கள். நோயாளியே காற்றடிக்க வேண்டும் என்பதால் தூக்கத்தில் அளக்க முடியாது. ஆனாலும் 1966ல் சான் பிரான்சிஸ்கோவின் சொக்கோலோவ் ஓர் உண்மையைக் கண்டார்: நோயாளிகளின் உறுப்புகளுக்கு ஏற்பட்டிருந்த பாதிப்பு, டொக்டர் எடுத்த அளவைவிட அந்தக் கருவியின் அளவோடுதான் கூடுதலாகப் பொருந்தியது. 1983ல் இத்தாலியின் மான்சியா, டொக்டர் பக்கத்தில் வந்தாலே மேல் அளவு சராசரியாக 27 புள்ளி வரை ஏறுவதைக் காட்டினார். கொப்பியில் உள்ள அளவில் பயமும் சேர்ந்திருக்கலாம்.

பிறகு இரவிலும் தானாக அளக்கும் கருவிகள் வந்தன. மருந்துக்கு உண்மையான பரீட்சை அதன் பிறகுதான். காலையில் போட்ட குளிசை அடுத்த விடியல் வரை தாக்குப்பிடிக்கிறதா என்பது கிளினிக்கில் தெரியாது. ஏற்கெனவே மருந்து எடுத்த 1,963 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2003ல் வெளிவந்தது. கிளினிக் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும், 24 மணித்தியால அளவு கூடியவர்களுக்கே மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்திருந்தன.

எங்கள் நாட்டிலும் முக்கியமான ஆய்வு நடந்தது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கி 700 பேரில் சோதித்தார்கள். 2018ல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோருக்கும், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 வீதமானோருக்கும் பிரஷர் கட்டுப்பட்டிருந்தது.

இனி எங்கள் கேள்வி. 2022ல் பிரித்தானியாவில் 21,104 பேரில் காலைக் குளிசையையும் இரவுக் குளிசையையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நோன்பாளிகளுக்கு 24 மணித்தியாலக் கருவி கட்டிப் பார்த்த சிறிய ஆய்வுகளும் உண்டு. மருந்தை விடாமல் எடுத்தவர்களின் பிரஷரில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

ஆகவே ஆபத்து நேரத்தை மாற்றுவதில் அல்ல, மருந்தை நிறுத்துவதில்தான். ஆனாலும் நேரத்தை நாங்களாக முடிவு செய்யக்கூடாது. சில குளிசை நாளுக்கு இரண்டு தடவை போட வேண்டியது, சிலது சிறுநீரைக் கூட்டுவது. சிறுநீரக நோய், சீனி வருத்தம் உள்ளவர்களின் நிலை வேறு. ஷஃபான் மாதத்திலேயே கொப்பியோடு போய் டொக்டரிடம் கேளுங்கள். உம்மா வாப்பாவுக்கும் நினைவூட்டுங்கள்.