விலைக்குப் போகாத வேட்பாளர்: ஷெர்லி சிஷோமின் 1972 தேர்தல் களமும் ஓர் ஆவணப்படமும்

அமெரிக்க அரசியல் வரலாற்றில் 1972ஆம் ஆண்டு, ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை ரிச்சர்ட் நிக்சன் வென்ற ஆண்டாகவும், அந்த வெற்றியையே பின்னர் விழுங்கிவிட்ட வாட்டர்கேட் விவகாரம் தொடங்கிய ஆண்டாகவும் நினைவுகூரப்படுகிறது. அதே ஆண்டில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கு நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ஷெர்லி சிஷோம் என்ற கறுப்பினப் பெண்மணி ஆறு மாத காலம் போராடினார் என்ற செய்தி, நெடுங்காலம் ஒற்றை வரியிலேயே சொல்லி முடிக்கப்பட்டுவந்தது. அந்த ஒற்றை வரியை விரித்துக் காட்டிய முதன்மையான முயற்சி, ஷோலா லிஞ்ச் இயக்கி 2004இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'சிஷோம் 72: அன்பாட் அண்ட் அன்பாஸ்ட்' என்னும் ஆவணப்படமாகும். விலைக்கு வாங்கப்படாதவர், எந்தத் தலைவரின் ஏவலுக்கும் கட்டுப்படாதவர் என்று பொருள்படும் அத்தலைப்பு, சிஷோம் தம் தேர்தல்களில் பயன்படுத்திய முழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

'முதல் பெண்', 'முதல் கறுப்பினத்தவர்' என்னும் அடைமொழிகளைச் சற்றுக் கவனமாகவே கையாள வேண்டும். 1872இலேயே விக்டோரியா வுட்ஹல் என்ற பெண்மணி அதிபர் பதவிக்கு முன்னிறுத்தப்பட்டிருக்கிறார். 1964இல் குடியரசுக் கட்சியின் மாநாட்டில் மார்கரெட் சேஸ் ஸ்மித்தின் பெயர் முன்மொழியப்பட்டது. 1968இல் பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் நின்ற சார்லின் மிட்செல் கறுப்பினப் பெண். அதே ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் சானிங் பிலிப்ஸ் என்னும் கறுப்பினப் போதகரின் பெயரும் முன்மொழியப்பட்டது. ஆயினும் இரு பெருங்கட்சிகளுள் ஒன்றின் வேட்பாளராவதற்கு மாநிலம் மாநிலமாகச் சென்று வாக்குக் கேட்ட முதல் கறுப்பினத்தவரும், ஜனநாயகக் கட்சியில் அவ்வாறு களமிறங்கிய முதல் பெண்ணும் சிஷோமே என்பதில் ஐயமில்லை.

அவர் 1924 நவம்பர் 30இல் புரூக்ளினில் பிறந்தார். தந்தை சார்லஸ் செயின்ட் ஹில் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த தொழிலாளி. தாய் ரூபி சீல் பார்படோஸ் தீவிலிருந்து வந்து, தையல் வேலையும் பிறர் வீட்டு வேலையும் செய்து குடும்பத்தைத் தாங்கியவர். பிழைப்பின் நெருக்கடி காரணமாகப் பெற்றோர் தம் குழந்தைகளைப் பார்படோஸில் இருந்த பாட்டியிடம் அனுப்பிவைக்க, சிறுமி ஷெர்லி அங்கே பிரிட்டிஷ் முறைப் பள்ளியின் கண்டிப்பில் படித்து, 1934இல் நியூயார்க் திரும்பினார். தம்முடைய பேச்சுத் திறனுக்கும் எழுத்துத் திறனுக்கும் அந்தத் தீவுப் பள்ளியே அடித்தளம் என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். புரூக்ளின் கல்லூரியிலும், பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிலும் பயின்று, மழலையர் பள்ளி ஆசிரியராகவும் குழந்தைகள் காப்பகத்தின் இயக்குநராகவும் பணியாற்றிய அவர், அந்த ஆண்டுகளிலேயே வட்டார அரசியல் மன்றங்களில் வேலை செய்து, வாக்குச் சேகரிப்பின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொண்டார்.

1964இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின் அவர் பாடுபட்டு நிறைவேற்றியவற்றுள் ஒன்று, வீட்டு வேலை செய்வோருக்கும் வேலையிழப்புக் கால உதவித்தொகை கிடைக்கச் செய்த சட்டமாகும். தாயின் உழைப்பை நேரில் கண்டு வளர்ந்தவர் இதை முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டது இயல்பே. 1968இல், தொகுதி எல்லைகள் நீதிமன்றத் தலையீட்டால் திருத்தி வரையப்பட்டபோது, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியை மையமாகக் கொண்ட புதிய தொகுதி உருவாயிற்று. அதில் சிஷோமை எதிர்த்து நின்றவர், குடிமை உரிமை இயக்கத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ஃபார்மர். வாஷிங்டனில் ஒலிக்க வேண்டியது ஓர் ஆணின் உறுதியான குரல் என்ற தொனியில் எதிரணிப் பிரசாரம் அமைந்தது. தொகுதியில் பெண் வாக்காளர்களே மிகுதி என்பதை வாக்காளர் பட்டியலை ஆராய்ந்து அறிந்திருந்த சிஷோம், வீட்டுக் கூடங்களிலும் குடியிருப்புகளிலும் பெண்களைத் திரட்டினார். ஸ்பானிஷ் மொழி பேசும் பகுதிகளில் அவர்கள் மொழியிலேயே பேசினார். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண்ணானார். நகரத்துத் தொகுதியின் உறுப்பினரான அவரை வேளாண்மைக் குழுவில் அமர்த்தியதை ஏற்க மறுத்து, புதுமுகங்கள் வாய்திறவாத அந்த அவையில் எழுந்து வாதிட்டு, வேறு குழுவுக்கு மாற்றம் பெற்றார்.

அவர் அதிபர் தேர்தலில் இறங்கியதை வெறும் அடையாளச் செயலாகக் கருதுவோர், அந்த ஆண்டு கட்சியின் விதிகள் அடியோடு மாறியிருந்ததை மறந்துவிடுகின்றனர். அதுவரை ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைப் பெரும்பாலும் மாநிலத் தலைவர்களும் நகர மேயர்களுமே கூடித் தீர்மானித்தனர். 1968 சிகாகோ மாநாட்டின் குழப்பத்துக்குப் பிறகு, ஜார்ஜ் மெக்கவர்னும் டொனால்டு ஃபிரேசரும் அடுத்தடுத்துத் தலைமை வகித்த சீர்திருத்தக் குழு, மாநாட்டில் வாக்களிக்கும் பேராளர்களைத் திறந்த முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், பெண்கள், இளைஞர்கள், சிறுபான்மையினர் ஆகியோருக்கு நியாயமான இடம் தர வேண்டும் என்றும் விதித்தது. இதனால் 'பிரைமரி' எனப்படும் உட்கட்சித் தேர்தல்களின் முக்கியத்துவம் பெருகிற்று. வாக்களிக்கும் வயது 1971இல் பதினெட்டாகக் குறைக்கப்பட்டதும் இதனோடு சேர்ந்துகொண்டது. எவருக்கும் பெரும்பான்மை கிட்டாத நிலையில் மாநாடு கூடுமானால், சில நூறு பேராளர்களைக் கையில் வைத்திருப்பவர் பேரம் பேச முடியும் என்பதே சிஷோமின் கணக்கு. அந்தப் பேரத்தில் அவர் கேட்க விரும்பியவையும் தெளிவானவை: துணை அதிபர் வேட்பாளராக ஒரு கறுப்பினத்தவர், சுகாதாரம்-கல்வி-நலத்துறையின் செயலராக ஒரு பெண், பழங்குடி நிலங்களை நிருவகிக்கும் உள்துறையின் செயலராக ஓர் அமெரிக்கப் பழங்குடியினர். அதிகாரத்தின் வாயிலில் நின்று மூன்று பதவிகளைப் பெயர் சொல்லிக் கேட்க முனைந்தவரை வெறும் அடையாள வேட்பாளர் என்று தள்ளுவது முறையன்று.

1972 ஜனவரி 25 அன்று புரூக்ளினின் கான்கார்டு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவர் தம் போட்டியை அறிவித்தார். லிஞ்சின் படத்தில் இடம்பெறும் அக்காட்சி ஆழ்ந்து பார்க்கத்தக்கது. ஒலிவாங்கிகள் மொய்த்த மேடையின் பின்னே மெலிந்த சிற்றுருவம் ஒன்று மூக்குக் கண்ணாடியோடு நின்று, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே அழுத்தி, பள்ளி ஆசிரியருக்குரிய திருத்தமான உச்சரிப்பில் பேசுகிறது. தாம் கறுப்பினத்தவர் என்பதில் பெருமிதம் கொண்டாலும் கறுப்பினத்தவருக்கு மட்டுமான வேட்பாளர் அல்லர். பெண் என்பதில் அதே பெருமிதம் கொண்டாலும் பெண்கள் இயக்கத்துக்கு மட்டுமான வேட்பாளர் அல்லர். மக்களின் வேட்பாளர் என்பதே அவ்வுரையின் சாரம். ஒவ்வொரு மறுப்புக்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எந்த இரு தரப்புகளின் ஆதரவு அவருக்கு இயல்பாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டதோ, அந்த இரண்டுமே பின்னர் நழுவின என்பதை அறிந்தபின் பார்க்கும்போது, அந்த ஆர்ப்பரிப்பு நெஞ்சை உறுத்துகிறது.

கறுப்பின அரசியல் தலைவர்கள் தமக்கான பொது உத்தி ஒன்றை வகுக்க மாதக்கணக்கில் கூடிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், அவர்களுடைய ஒப்புதலுக்குக் காத்திராமல் ஒரு பெண் களமிறங்கியது அவர்களில் பலருக்குப் பொறுக்கவில்லை. மார்ச் மாதம் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் கூடிய தேசியக் கறுப்பின அரசியல் மாநாடு அவருக்கு ஆதரவுத் தீர்மானம் எதையும் நிறைவேற்றவில்லை. அவரும் அதற்குச் செல்லவில்லை. பெண்கள் இயக்கத்தின் முன்னணியினர் அவரைப் போற்றினாலும், வெல்லக்கூடியவர் அதே வேட்பாளர் இடத்துக்குப் போட்டியிட்ட மெக்கவர்ன்தான் என்ற எண்ணத்தில் இரு படகிலும் கால் வைத்தனர். தீவிரக் கறுப்பின இயக்கமான கருஞ்சிறுத்தைக் கட்சி வெளிப்படையாக ஆதரவு தந்தபோது அதை மறுதலிக்குமாறு பலர் வற்புறுத்தியும், வாக்குப் பெட்டியை நம்பி வருவோரைத் திருப்பி அனுப்ப அவர் இணங்கவில்லை. கறுப்பினத்தவர் என்பதைவிடப் பெண் என்பதாலேயே தமக்குத் தடைகள் மிகுந்தன என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். அக்கூற்று வெளிநின்ற எதிரிகளைக் காட்டிலும் உடனிருந்த தோழர்களையே குறித்தது என்பதைப் படத்தைப் பார்ப்பவர் எளிதில் உணர்வர்.

பணம் மிகக் குறைவு. மொத்தச் செலவே ஏறத்தாழ 3 லட்சம் டாலர் என்று கணக்கிடப்படுகிறது. மாணவர்களும் இல்லத்தரசிகளும் தன்னார்வலர்களாக இயங்கிய கிளைகளுக்குள் பூசல்களும் இருந்தன. கலிஃபோர்னியத் தேர்தலுக்கு முன் மெக்கவர்னும் மற்றொரு போட்டியாளரான ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் தேசியத் தொலைக்காட்சிகளில் நேருக்கு நேர் விவாதித்தபோது, அதே வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெற்றிருந்த சிஷோம் அழைக்கப்படவில்லை. வேட்பாளர் ஒருவருக்கு ஒளிபரப்பு நேரம் அளிக்கும் நிலையம் அவருடைய போட்டியாளர்களுக்கும் அவ்வாறே அளிக்க வேண்டும் என்னும் சம நேர விதியைச் சுட்டி அவர் முறையிட்டார். ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சி ஆணையம் தள்ளுபடி செய்தும் விடாமல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சென்று, தேர்தலுக்குச் சில நாள் முன்பு தமக்குரிய நேரத்தைப் பெற்றார்.

மே 15 அன்று, இன ஒதுக்கலின் முகமாக விளங்கிய அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், அவரும் இதே கட்சியின் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்தபோது, மேரிலாந்தில் சுடப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிஷோம் மருத்துவமனைக்குச் சென்று அவரைப் பார்த்தார். சொந்தத் தொகுதி மக்களே கொதித்தெழுந்த அச்செயலை, எதிர்ப்பாளருக்கும் நேரக்கூடாத ஒன்று நேர்ந்துவிட்டபோது செய்ய வேண்டிய கடமையாகவே அவர் கருதினார். வீட்டு வேலைத் தொழிலாளர்களையும் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரும் திருத்தம் 1974இல் நிறைவேறியபோது, தென்மாநில உறுப்பினர்களின் வாக்குகளைப் பெற வாலஸ் உதவினார் என்பது சிஷோமின் வாக்குமூலம்.

ஜூலை 10இல் மயாமி பீச்சில் மாநாடு கூடியது. கலிஃபோர்னியாவில் வென்றவருக்கே அம்மாநிலப் பேராளர்கள் அனைவரும் என்னும் விதியின் மீது எழுந்த சர்ச்சையில், அங்கே வென்றிருந்த மெக்கவர்னுக்குச் சாதகமாக முதல் நாளிரவே முடிவானதும், சிஷோம் எதிர்பார்த்திருந்த பேரத்தின் வாயில் அடைபட்டது. மறுநாள் ஹம்ஃப்ரி விலகி, தம் கறுப்பினப் பேராளர்கள் சிஷோமுக்கு வாக்களிக்கலாம் என விடுவித்தார். ஆனால் தொடக்கம் முதல் சிஷோமுக்குத் துணைநின்ற கலிஃபோர்னிய உறுப்பினர் ரான் டெலம்ஸ் கடைசி நேரத்தில் மெக்கவர்ன் பக்கம் சாய்ந்தார். 12ஆம் தேதி இரவு மாநிலங்களின் பெயர் ஒவ்வொன்றாக அழைக்கப்பட்டு எண்ணி முடிந்தபோது, வெற்றிக்குத் தேவையான 1,509 வாக்குகளைத் தாண்டி மெக்கவர்ன் 1,700க்கும் மேல் பெற்றிருந்தார்; சிஷோமுக்கு ஏறத்தாழ 152 கிடைத்தன. உட்கட்சித் தேர்தல்களில் அவருக்கு விழுந்தவை சுமார் 4,30,000 வாக்குகள், அதாவது மொத்தத்தில் 2.7 விழுக்காடு.

ஆவணப்படத்தின் தனிச்சிறப்பு, இந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கும் மனிதர்களை மீட்டெடுத்ததில் இருக்கிறது. ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் நிறுவனத்தில் வரலாற்றுப் படங்களுக்குப் பணியாற்றிப் பயின்ற லிஞ்சுக்கு இதுவே இயக்குநராக முதல் முழுநீளப் படம். அக்காலச் செய்திப் படச்சுருள்களைத் தேடித் தொகுத்து, எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த சிஷோமையும், டெலம்ஸ், அரசியல்வாதி வால்டர் ஃபாண்ட்ராய், கவிஞர் அமிரி பராகா போன்ற சமகாலத்தவரையும் நேர்கண்டு, ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த ஆறு மாதங்களை அவர் கட்டியெழுப்பினார். பிறப்பு முதல் இறப்பு வரை சொல்லும் வாழ்க்கை வரலாறாக விரிக்காமல் ஒரே தேர்தலில் கவனத்தை நிறுத்தியதே அப்படத்தின் வலிமை. கைவிட்டவர்களும் கைவிடப்பட்டவரும் முப்பதாண்டுக்குப் பின் ஒரே படத்தில் தத்தம் காரணங்களைச் சொல்லக் கேட்கும் வாய்ப்பு வேறெந்த ஆவணத்திலும் இத்தனை நெருக்கமாகக் கிடைப்பதில்லை. சிஷோம் 2005 ஜனவரி 1இல் ஃபுளோரிடாவில் காலமானார். அதற்கு அடுத்த மாதமே அப்படம் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நாடெங்கும் ஒளிபரப்பாகி, பின்னர் பீபாடி விருதும் பெற்றது.

தமிழ் வாசகர்கள் அறிந்த ஒரு பெயரும் இவ்வரலாற்றோடு இணைகிறது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், தம் சிறுவயதில் தாயோடு சென்றுவந்த பெர்க்லியின் கறுப்பினப் பண்பாட்டு மையத்துக்கு 1971இல் சிஷோம் வந்துபோனதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். 2019இல் அவர் தம் முதல் அதிபர் போட்டியை அறிவித்தபோது வெளியிட்ட சின்னத்தின் வண்ணங்களும் எழுத்தமைப்பும் சிஷோமின் 1972 விளம்பரங்களைப் பின்பற்றியவை.

அதைவிட நேரான தொடர்ச்சி பார்பரா லீயுடையது. 1972இல் ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கத் தலைவராக இருந்த அவர், இரு குழந்தைகளைத் தனியே வளர்த்துக்கொண்டு, வாக்காளராகக் கூடப் பதிவு செய்துகொள்ளாமல் இருந்தவர். சிஷோம் அவரை முதலில் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். லீ வட கலிஃபோர்னியாவில் அவருக்காக உழைத்து மயாமி மாநாட்டுக்குப் பேராளராகச் சென்றார். 1998இல், டெலம்ஸ் விட்டுச்சென்ற அதே இடத்துக்கு, பிரதிநிதிகள் அவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிஷோமுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மிக உயரிய சிறப்பான தங்கப்பதக்கத்தை வழங்கும் மசோதாவை அந்த அவையில் முன்னெடுத்தவர் அவரே. 2024 டிசம்பரில், லீயின் உறுப்பினர் பதவிக்காலம் முடியச் சில வாரங்களே எஞ்சியிருந்தபோது, அது சட்டமாயிற்று.